கறுப்புக் கண்ணாடி போட்ட அணில்

புரட்டாசி மாதம், ஒரு புதன்கிழமை.

காலை: ராஜபாளையம் பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே கட்டியிருந்த காதணி விழா பிளக்ஸ் ஒன்றில் சாம்பல் நிற மலையணிலின் படம் காணப்பட்டது. அணில் கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தது. படம் எடுத்தவரின் பெயர் பிளக்ஸில் இல்லை.

முற்பகல்: பிளக்ஸ் அடித்த கடைக்காரரைச் சந்தித்தேன். பேச்சு சுமுகமாக முடிந்தது.

பிற்பகல்: ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரியில் பதிப்புரிமை பற்றி வகுப்பெடுத்தேன். மின்சாரம் ஒருமுறை நின்றது, திரும்ப வந்தது.

மாலை: வீடு. மழை வரும் என்றார்கள். வரவில்லை.

படம் எடுத்தவர் என் மனைவி பாக்கியம். அவர் காலமானது போன கார்த்திகையில். அவர் எடுத்து, எங்கும் வெளியிடாத படங்கள் ஒரு ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன. ஹார்ட் டிஸ்க் அலமாரியில் இருக்கிறது. அன்றைக்கும் அதை நான் எடுக்கவில்லை.

நெட்டில் கிடந்தது

மேலே இருப்பது பதிவு. நெடுங்காலம் கல்லூரி நூலகராக இருந்து, பிறகு நூலக அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவனுக்கு, எதையும் முதலில் அட்டையில் எழுதி வைத்துவிட்டுத்தான் பேச வாய் வரும். இனிப் பேசலாம்.

எங்கள் ஊர்க் காதணி விழா பிளக்ஸுக்கு ஓர் இலக்கணம் உண்டு. நடுவில் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தை. இருபுறமும் வெள்ளைச் சட்டையில் கைகூப்பிய தாய்மாமன்மார். அடியில் அன்புடன் அழைக்கும் நண்பர்களின் தலைகள், தபால்தலை அளவில். மேல் மூலையில் ஒரு சிங்கம் வாயைப் பிளந்து நிற்கும். சிங்கத்துக்கும் காது குத்துவதற்கும் என்ன உறவு என்று யாரும் கேட்பதில்லை.

அந்த பிளக்ஸில் சிங்கத்தின் இடத்தில் அணில் இருந்தது. கிளையில் குப்புறப் படுத்து, வாலைத் தொங்கவிட்டு, நேராக நம்மைப் பார்க்கும் அணில். கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் தெரியவில்லை. ஆனாலும் அந்த வாலை எனக்குத் தெரியும். அது எங்கள் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் வால்.

பிளக்ஸின் அடியில் கடையின் தொலைபேசி எண் இருந்தது. கடை அடுத்த தெருவிலேயே இருந்தது. கணினியின் முன்னால் உட்கார்ந்து ஒரு மாமனுக்கு மீசையை அடர்த்தியாக்கிக்கொண்டிருந்தவர் முருகேசன்.

"அந்த அணில் உங்களுக்கு எங்கே கிடைத்தது?" என்று கேட்டேன்.

"எந்த அணிலு சார்?"

"கண்ணாடி போட்ட அணில்."

"அதுவா! நெட்ல கெடந்துச்சு சார். ரெம்ப நாளா வச்சிருக்கேன். காதுகுத்து, மொதப் பொறந்தநாளு, எல்லாத்துக்கும் இப்ப அதான் ஓடுது. சிங்கத்தப் பாத்தா பிள்ளைக அழுதுருதுன்னு சொல்லுதாக."

"கிடந்ததா?"

"ஆமா சார். சும்மாதான் கெடந்துச்சு."

"யாராவது போட்டால்தானே கிடக்கும்?"

அவர் மீசையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "சார் வீட்டு அணிலா?"

"அணில் செண்பகத்தோப்பில் இருக்கிறது. படம் என் மனைவி எடுத்தது. பாக்கியம் டீச்சர்."

முருகேசனின் கை தானாகத் தலைக்குப் போனது. "எட்டாப்பு சயின்ஸ் டீச்சரா? கொட்டுவாகளே! மோதிரத்தத் திருப்பி வச்சிக்கிட்டுக் கொட்டுவாக சார். இப்ப நெனச்சாலும் வலிக்கி. எப்பிடி இருக்காக?"

"காலமாகிவிட்டார். ஓர் ஆண்டு ஆகப்போகிறது."

அவர் எழுந்து நின்றார். கணினியில் மாமனின் பாதி மீசை அப்படியே நின்றது.

"ஒரு வார்த்த சொல்லலையே சார். கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் அடிச்சிருப்பேனே. காசே வேண்டாம்னு அடிச்சிருப்பேனே. பஸ் ஸ்டாண்டு முக்குல பெருசா வச்சிருக்கலாம்."

எங்கள் ஊரில் துக்கத்தின் அளவை பிளக்ஸின் அளவு சொல்லும். நான் ஒன்றும் வைக்கவில்லை. அதை அவரிடம் விளக்கிச் சொல்லும் நிலையிலும் நான் இல்லை. ஆகையால் சட்டத்துக்குத் தாவினேன்.

"நீங்கள் படத்தை எடுத்ததில் தவறில்லை. அவர் கொடுத்திருக்கும் உரிமம் அப்படி. யாரும் எடுக்கலாம், வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம், மாற்றவும் செய்யலாம். கண்ணாடி மாட்டியதிலும் குற்றமில்லை. எடுத்தவர் பெயரைப் போட வேண்டும். மாற்றியிருந்தால் மாற்றியதைச் சொல்ல வேண்டும்."

"அம்புட்டுத்தானா?"

"அவ்வளவுதான்."

முருகேசன் யோசித்தார். மிகுந்த பொறுப்போடு யோசித்தார். "அப்ப, படம்: பாக்கியம் டீச்சர். கண்ணாடி: முருகேசன். சரியா சார்?"

இத்தனை ஆண்டு நான் எடுத்த வகுப்புகளில் இவ்வளவு விரைவாக யாரும் தேறியதில்லை. "மிகச் சரி" என்றேன்.

செத்த நேரம் மூச்சு விடாதீய

பாக்கியம் கேமரா வாங்கியது ஓய்வு பெற்ற பிறகு. பள்ளியில் அவர் அறிவியல் எடுத்த காலமெல்லாம் விலங்குகளைக் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் வரைந்தே சமாளித்தவர். எங்கோ வாங்கிய ஒரு வண்ணப் புத்தகத்தில் அணில் என்று பனியில் நிற்கும் ஒரு பிராணியைப் போட்டிருந்தார்கள். அதை வெகுநாள் மனத்தில் வைத்திருந்தார்.

"மலையடிவாரத்துல இம்புட்டுப் பெரிய அணில வச்சிக்கிட்டு, பிள்ளைக பனியில நிக்கிற அணிலப் பாத்துப் படிக்குதுக" என்பார்.

செண்பகத்தோப்புக்கு விடியலில் கிளம்புவோம். அவரிடம் கேமரா. என்னிடம் தண்ணீர்ப் பாட்டில், இட்லிப் பொட்டலம், அவருடைய தொப்பி, அவருடைய கண்ணாடிக் கூடு. அணில் வருமிடத்தில் போய் நின்றதும் எனக்குக் கட்டளை பிறக்கும்.

"மூச்சு விடாதீய."

"மூச்சு விடாமல் எப்படி?"

"செத்த நேரம் விடாதீய. நீங்க விடுத மூச்சு மேகமலைக்குக் கேக்கும்."

நான் பேசுவதும் எழுதுவதும் ஒரே மாதிரி இருக்கிறது என்பது அவருடைய பழைய புகார். காட்டுக்குள்ளும் நான் நிறுத்தற்குறிகளோடு பேசுவதால்தான் பறவைகள் பறந்துவிடுகின்றன என்பார்.

பிறகு இணையத்தில், எல்லாரும் எடுத்துக்கொள்ளும்படி படங்களைச் சேர்த்துவைக்கும் ஒரு பொதுப் படக்கிடங்கில் போட விரும்பினார். எந்த உரிமத்தின் கீழ் கொடுப்பது என்று தளம் கேட்டது. துறை வல்லுநர் வீட்டிலேயே இருக்கிறாரே என்று என்னிடம் கேட்டார். நான் உட்கார்ந்து விளக்கத் தொடங்கினேன். முழு உரிமையும் வைத்துக்கொள்வது ஒரு வகை. எல்லா உரிமையையும் விட்டுவிடுவது இன்னொரு வகை. இடையிலே இருப்பவை பல. ஒவ்வொன்றுக்கும் வரலாறு உண்டு. வரலாற்றில் நான் பாதியைக் கடக்கும்போது அவர் கேட்டார்:

"பேரப் போட்டுட்டு யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்கிறது. ஆனால் வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையையும் சேர்ப்பது நல்லது."

"எதுக்கு? ஒரு பெட்டிக்கடைக்காரன் மிட்டாய்ப் பாக்கெட்டுல போட்டுட்டான்னா அணிலு கொறஞ்சா போயிரும்?"

நிபந்தனையைக் கைவிட்டேன். "பாக்கியம் டீச்சர்" என்ற பெயரிலேயே கணக்குத் தொடங்கினார். "ஊர்ல எல்லாரும் அப்பிடித்தான கூப்பிடுதாக" என்றார். அந்த உரிமத்தின் கீழ், எடுத்தவர் எந்தப் பெயரைச் சொல்கிறாரோ அந்தப் பெயரைத்தான் போட வேண்டும். டீச்சரும் சேர்த்தி.

அவர் ஏற்றிய படங்கள் குறைவு. உயிரினம் எது, மரம் எது, அந்தக் கணத்தில் அது என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதி, இரண்டு நூல்களில் சரிபார்த்த பிறகுதான் ஒரு படம் வெளியே போகும். மற்றவை ஹார்ட் டிஸ்கில் தங்கள் முறைக்குக் காத்திருந்தன. அதற்குள் வேறு வேலைகள் வந்துவிட்டன. மருத்துவமனைக்குப் போய்வருவது அவற்றில் ஒன்று.

இங்கே ஒரு சிறு இடைச்செருகல். சென்ற வாரம் இந்தப் பத்தியில் எங்கள் தெரு நாய்களைப் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, அசல் ராஜபாளையம் குட்டி எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பவை. நான் நாய் வளர்ப்பவன் அல்லன்; நாய்களால் குரைக்கப்படுபவன். கடிதம் எழுதிய அன்பர்கள் இதையே பதிலாகக் கொள்ளவும்.

மின்சாரம் நின்றபோது தெரிந்த பெயர்

சில வகுப்புகள் எடுத்து மதிப்பெண்ணும் போடக் கல்லூரி என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் இருந்தது. மாணவர் குழு ஒன்று, மலையடிவாரத்துப் பறவைகளையும் விலங்குகளையும் பற்றிக் கிராமப் பள்ளிகளுக்காகத் தமிழில் ஒரு மின்னூல் தயாரித்துக்கொண்டிருந்தது. எழுத்து அவர்களுடையது, நன்றாகவும் இருந்தது. படங்கள் அனைத்தும் முருகேசன் பாஷையில் "கெடந்தவை". ஒரு மீன்கொத்தியின் அலகில் யாரோ ஒருவரின் பெயர்முத்திரை பாதி அழிக்கப்பட்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

குழுவுக்குத் தலைவி செல்வராணி. மகாராஜபுரத்திலிருந்து பேருந்தில் வந்து படிக்கிற பெண். முதல் கேள்வி அவளுடையது.

"சார், நாங்க இத விக்கலையே. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சும்மாதான் குடுக்கோம். அதுக்குமா கேக்கணும்?"

"வகுப்பறைக்குள் பாடம் நடத்தும்போது காட்டுவதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. நீங்கள் நூலாக வெளியிடுகிறீர்கள். அது வேறு."

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் அவளுக்குத் துணைக்கு வருவதுபோல் வந்து காலை வாரியது. "அடுத்தவன் வீட்டு மாங்காயப் பறிச்சு அன்னதானம் போட்டா மாங்காய்க்காரன் கும்பிடுவானா ஏட்டி?"

"நீ பறிச்சுத் தின்னவன்தானல?" என்றாள் செல்வராணி, திரும்பாமலே.

அந்த நேரத்தில்தான் மின்சாரம் நின்றது. மேலே சுற்றிக்கொண்டிருந்த விசிறி மெல்ல மெல்ல ஓய்ந்தது. அதன் இறக்கைகளில் சிவப்பு வண்ணத்தில் எழுத்துகள் தெரிந்தன. முன்னாள் மாணவர்கள் அன்பளிப்பு.

"இந்தக் காற்று யாருக்கு?" என்று கேட்டேன்.

"எல்லாத்துக்கும்."

"காசு கொடுத்தீர்களா?"

"இல்ல சார்."

"கொடுத்தவர்கள் என்ன கேட்டார்கள்?"

செல்வராணி அண்ணாந்து பார்த்தாள். "பேர எழுதச் சொல்லிருக்காக."

"கட்டற்ற உரிமம் என்பது அதுதான். காற்று எல்லாருக்கும். பெயர் கொடுத்தவருக்கு. பெயரை அழித்தால் காற்று நின்றுவிடாது. ஆனால் அது செய்யத்தகாத செயல்."

"எங்க ஊருக் கோயில் டியூப்லைட்ல உபயம்னு குடும்பத்துப் பேரு பூராம் எழுதிட்டாக சார். வெளிச்சமே வரல" என்றது கடைசி வரிசை.

"அது நிபந்தனைகள் மிகுந்துபோன உரிமம்" என்றேன். சிரித்தார்கள். மின்சாரம் வந்தது, பெயர் மறைந்து காற்று வந்தது.

இந்த விசிறி விஷயத்தில் எனக்கு ஒரு சொந்தச் சிக்கலும் உண்டு. பாக்கியத்தின் தங்கை ஜெபமணி, அக்காள் நினைவாக எங்கள் ஆலயத்துக்கு ஒரு மின்விசிறி கொடுக்க வேண்டும், இறக்கையில் பெயர் எழுத வேண்டும் என்று மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் பிடிகொடுக்கவில்லை. விசிறி நிற்கும்போது மட்டும் படிக்க முடிகிற பெயர் எனக்கு உகப்பாக இல்லை.

அன்றைய வகுப்பின் கடைசிக் கேள்வியும் செல்வராணியுடையதே.

"எடுத்தவிய செத்துப் போயிட்டாகன்னா சார்? பொறவு யாருக்கு?"

"வாரிசுக்கு. இறந்ததற்கு மறு ஆண்டிலிருந்து கணக்கிட்டு அறுபது ஆண்டுகள்."

"அறுபதா! நாங்களே கெழடாயிருவோமே!"

"ஆம்" என்றேன். அதற்குள் வாரிசு என்ன ஆவார் என்று யாரும் கேட்கவில்லை.

"வாரிசு குடுக்க மாட்டேன்னுட்டா?"

"அது அவர் உரிமை. ஆனால் கேட்டுப் பார்க்க வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். உரியவர் யாரென்று கண்டுபிடித்து, எதற்கு வேண்டும் என்று எழுதுங்கள். கேட்காமல் எடுத்த படம் ஒன்று இருந்தாலும் மதிப்பெண் கிடையாது."

பிறகு பொதுப் படக்கிடங்கைத் திரையில் திறந்து, எப்படித் தேடுவது, உரிமத்தை எங்கே பார்ப்பது, பெயரை எப்படி எழுதுவது என்று காட்டினேன். உதாரணமாகக் காட்டியது கண்ணாடி போடாத அணில். எடுத்தவர் பாக்கியம் டீச்சர் என்று வாசித்துக் காட்டினேன். அவர் யார் என்று சொல்லவில்லை. பாடத்துக்கு அது தேவைப்படவில்லை.

டீச்சருக்கு வந்த செய்தி

எங்கள் வீட்டில் இரண்டு செல்போன்கள் அருகருகே சார்ஜ் ஏறும். ஒன்று என்னுடையது. மற்றதற்கு யாரும் பேசுவதில்லை. ஆனாலும் இரண்டுக்கும் சார்ஜ் போடுவது பழக்கமாகிவிட்டது.

அடுத்த வாரம் ஒரு காலையில் மற்றது ஒலித்தது. படக்கிடங்கின் வழியாக, பாக்கியம் டீச்சர் என்ற கணக்குக்கு ஒரு செய்தி வந்திருந்தது.

"வணக்கம் டீச்சர்! நாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் காலேஜ் ஸ்டூடண்ட்ஸ். உங்க அணில் படம் செம! எல்லாப் படத்தையும் பேர் போட்டு எங்க புக்ல எடுத்திருக்கோம். அரசவால் ஈப்பிடிப்பான் குருவி, வெள்ளை ஆண், எங்க தேடியும் நம்ம ஊர்ல எடுத்தது கிடைக்கல. உங்ககிட்ட இருந்தா குடுப்பீங்களா? கேக்காம எடுத்தா எங்க சார் மார்க் போட மாட்டாரு. ரொம்ப ஸ்ட்ரிக்ட். நீங்க எங்க ஊர்தானே டீச்சர்? ஒரு நாள் உங்களப் பாக்க வரலாமா? இப்படிக்கு, செல்வராணி." முடிவில் சிவப்பு இதயங்கள். ஓர் அணில்.

நான் கற்பித்த பாடத்தைப் பிசகில்லாமல் செய்திருந்தார்கள்.

வெள்ளை ஆண் இருந்தது. ஓடைக்கரையில் பாக்கியம் பல விடியல்கள் உட்கார்ந்து காத்து எடுத்த படம். வெண்ணிற நாடா ஒன்று காற்றில் அவிழ்ந்து போவதுபோல் வால். ஹார்ட் டிஸ்கில், அலமாரியில், துணிகளுக்குப் பின்னால். அந்தக் கணக்கில் அவர் கடைசியாக ஏற்றிய படத்துக்குப் பிறகு வேறொன்று வந்தால், கடைசிப் படம் கடைசிப் படமாக இராது. இதை ஒரு வாதமாக எழுதிப் பார்க்கும்போது வலுவில்லாமல் இருக்கிறது. அப்போது வலுவாக இருந்தது.

பதில் எழுதும் கட்டம் திறந்தே இருந்தது. அந்தப் பெயரில் இரண்டு வரி எழுதினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. செல்போனைக் கவிழ்த்து வைத்தேன்.

வாலா, தலையா?

பிறகு சட்டப் புத்தகத்தை எடுத்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பாக்கியம் உயில் எழுதவில்லை. கிறிஸ்தவர்களுக்குரிய வாரிசுச் சட்டப்படி, அப்படியான நிலையில் கணவனுக்குப் பாதி. மறுபாதி பிறந்த வீட்டு உறவுக்கு. பெற்றோர் இல்லை. இருப்பது ஜெபமணி ஒருத்தி. ஆக, அவளுடைய சம்மதம் இல்லாமல் நான் எந்தப் படத்தையும் யாருக்கும் கொடுக்க இயலாது. இந்தச் சட்டம் அன்று எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஒப்புதல் கடிதம் ஒன்றைத் தட்டச்சு செய்துகொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்து ஏறினேன். ஜெபமணி வீடு மடவார் வளாகத்தில். கோயில் மணிச்சத்தம் சமையலறை வரை வரும் வீடு.

"வாங்க அத்தான். கையில என்னது, பத்திரமா?"

கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தாள். "'மேற்படி படைப்புகளில் எனக்குரிய பங்கினைப் பொறுத்தவரை...' என்ன அத்தான் இது, வீட்ட விக்கிறாப்புல?"

விளக்கினேன். சற்று விரிவாகவே விளக்கினேன்.

"அப்ப அக்கா எடுத்த குருவியில பாதி எனக்கா?"

"சட்டப்படி."

"எந்தப் பாதி? வாலா, தலையா?"

"பிரிக்க முடியாத பங்கு, ஜெபமணி."

"ரெம்பச் சந்தோசம்." காப்பியை முன்னால் வைத்தாள். உட்கார்ந்தாள். "ஒண்ணு கேக்கேன். நான் சரின்னு சொல்லணும்னு வந்தீயளா, மாட்டேன்னு சொல்லணும்னு வந்தீயளா?"

காப்பி நன்றாக இருக்கிறது என்றேன்.

"அக்கா இருந்தா அந்தப் பிள்ளைய வீட்டுக்கே வரச் சொல்லி, படத்தக் காட்டி, குருவிக்கு என்ன பேருன்னு கேட்டு, தப்பாச் சொன்னா ஒரு கொட்டும் வச்சி அனுப்பிருப்பா. நீங்க அலமாரியில வச்சிப் பூட்டிட்டு, எங்கிட்டத் தாளத் தூக்கிட்டு வாரீய." பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டாள். "இந்தாங்க. என் பாதியக் குடுத்தாச்சு. இனி ஒங்க பாதிதான்."

வாசலுக்கு வந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது. "ஃபேன் விசயத்துக்கும் என்னத்தையாச்சும் சொல்லுங்க அத்தான்!"

யாருடைய படைப்பு?

அடுத்த வகுப்பில், வருகைப் பதிவு முடிந்ததும் சொன்னேன். "நீங்கள் பாக்கியம் டீச்சருக்கு எழுதிய செய்தி வந்து சேர்ந்தது. அவர் காலமாகிவிட்டார். அவர் என் மனைவி. வாரிசு என்ற முறையில் செய்தியை நான் படித்தேன்."

செல்வராணி எழுந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"சார்... ஹார்ட்டு எல்லாம் போட்டுட்டோம் சார்."

"பார்த்தேன்."

"அணிலும் போட்டுட்டோம்."

"அதையும் பார்த்தேன்."

"ஸ்ட்ரிக்ட்டுன்னும்..." என்று கடைசி வரிசை மெல்ல இழுத்தது.

"அது சரிபார்க்கப்பட்ட தகவல்" என்றேன். யாரோ ஒருவர் சிரித்தார்; பிறகு எல்லாரும். படத்தைப் பற்றி அன்று அவர்கள் மீண்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை காலை ஹார்ட் டிஸ்கை எடுத்துக் கணினியில் செருகினேன். ஈப்பிடிப்பானைத் தேடும் வழியில் மற்றவையும் வந்தன. மங்கிய மாங்குயில்கள். கிளை மட்டும் இருந்து, பறவை போய்விட்ட படங்கள். ஒன்றில், லென்ஸின் ஓரத்தில் பாக்கியத்தின் விரல் படிந்து மூலையெல்லாம் இளஞ்சிவப்பாக மங்கியிருந்தது. மீதிப் படத்தில், தண்ணீர்ப் பாட்டிலும் தொப்பியுமாக, கன்னங்களை உப்பிக்கொண்டு, மூச்சை அடக்கி நிற்பவன் நான். எங்கள் இருவரையும் சேர்த்து யாரும் காட்டில் எடுத்ததில்லை. அப்படி ஒரு படத்துக்கு நெருங்கி வருவது இதுதான்.

அதை மூடிவிட்டு ஈப்பிடிப்பானுக்குப் போனேன்.

என் பெயரிலுள்ள கணக்கின் வழியே படத்தை ஏற்றும்போது தளம் முதலில் கேட்பது ஒரு கேள்வி. இது உங்கள் சொந்தப் படைப்பா, வேறொருவருடையதா? மாணவர்களுக்கு இந்தப் பக்கத்தைத் திரையில் காட்டி, பொய்யாகக் குறிக்கக் கூடாது என்று எச்சரித்திருக்கிறேன். வேறொருவருடையது என்று குறித்தேன். எடுத்தவர்: பாக்கியம் டீச்சர். இடம்: செண்பகத்தோப்பு. விளக்கம் என்ற இடத்தில் அவர் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பார் என்று யோசித்து, இரண்டு நூல்களில் சரிபார்த்து, எழுதினேன். நிறுத்தற்குறிகள் கூடுதலாகவே இருக்கும். வாரிசுகளின் ஒப்புதலை, ஜெபமணியின் கையெழுத்தோடும் என்னுடையதோடும், தளத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். உரிமம்: அவர் எப்போதும் கொடுப்பது.

வெளியிடுக என்று ஒரு நீலப் பொத்தான். அழுத்தினேன். வெள்ளை ஆண் போனது.

இரண்டு நாள் கழித்துப் பழைய பேருந்து நிலையத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்துக்காக நின்றேன். எதிரே புதிய பிளக்ஸ். ஏதோ குழந்தையின் முதல் பிறந்தநாள். மூலையில் அதே அணில், அதே கறுப்புக் கண்ணாடி. அணிலின் நெஞ்சுக்கு நேர் கீழே, மாமன்மார் பெயர்களுக்குச் சற்றும் குறையாத அளவில், இரண்டு வரிகள். படம்: பாக்கியம் டீச்சர். கண்ணாடி: முருகேசன்.

பக்கத்தில் இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டு அதைப் பார்த்தார்கள்.

"ஏலே, அந்த அணிலுக்குப் பேரப் பாத்தியா? பாக்கியம் டீச்சராம்."

மற்றவர் ஆற அமரப் பார்த்தார். "டீச்சர்னா கண்ணாடி போடத்தானல செய்வாக."

என் பேருந்து வந்தது. அதை விட்டுவிட்டு, செத்த நேரம் அங்கேயே நின்றேன்.

இன்னும் செய்யாதவை

டீ குடித்த இருவருக்கும் விளக்கம் சொல்வது.

செல்வராணி கேட்ட பெண் ஈப்பிடிப்பானைத் தேடுவது. (வெள்ளை ஆண் கிடைத்த மறுநாளே கேட்டுவிட்டாள்.)

ஜெபமணிக்கு மின்விசிறி பற்றிப் பதில். சரி என்பதே பதில். இறக்கையில் அல்லாமல், சுற்றாமல் நிற்கும் மேல் கிண்ணத்தில் எழுத முடியுமா என்று முருகேசனிடம் கேட்க வேண்டும்.

இரண்டாவது செல்போனுக்குச் சார்ஜ் போடுவதை நிறுத்துவது.

விரல் படிந்த படம். எடுத்தவர்: பாக்கியம் டீச்சர். விளக்கம்: எழுதவில்லை. உரிமம்: தீர்மானிக்கவில்லை.